பெக்ஜே: ஜெயித்துக்கொண்டிருந்த நாடு பத்து நாளில் எப்படி விழுந்தது?

#1 வைகைக்கரையான்

கொரிய சரித்திரத் தொடர் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இந்த வழக்கை இங்கேயே இழுக்கிறேன். கொரியாவின் தென்மேற்கில் ஏழாம் நூற்றாண்டு வரை இருந்த பெக்ஜே நாட்டின் கடைசி அரசன் உயிஜா. பெயரைச் சொன்னதுமே, குடியும் கூத்துமாகக் கிடந்து நாட்டைத் தொலைத்தவன் என்பார்கள். என் கட்சி வேறு. பெக்ஜே தேய்ந்து தேய்ந்து விழுந்த நாடே இல்லை. செழிப்பாக இருந்தபோது, போரில் ஜெயித்துக்கொண்டே இருந்தபோது, பத்தே நாளில் தலை போன நாடு.

முன்கதை சுருக்கமாக. 475-ல் வடக்கு அண்டை நாடான கொகுர்யோவின் படை, இன்றைய சோல் நகரப் பகுதியில் இருந்த பழைய தலைநகரைப் பிடித்து அரசன் கேரோவைக் கொன்றது. மிஞ்சியவர்கள் தெற்கே உங்ஜினுக்கு (இன்றைய கோங்ஜு) ஓடினார்கள். அங்கே முர்யோங் என்ற அரசன் நாட்டைத் தூக்கி நிறுத்தினான். அவன் மகன் சோங் 538-ல் தலைநகரை சாபிக்கு, அதாவது இன்றைய புயோவுக்கு மாற்றினான். உங்ஜின் ஒளிந்துகொள்ள வசதியான மலையூர் என்றால், சாபி திட்டம் போட்டுக் கட்டிய நகரம். 551-ல் கிழக்கு அண்டை நாடான சில்லாவோடு கூட்டுச் சேர்ந்து பழைய ஹான் ஆற்றுப் பகுதியை மீட்டான் சோங். இரண்டே வருடத்தில் கூட்டாளி சில்லா அதைத் தானே சுருட்டிக்கொண்டது. பழிவாங்கப் போன சோங் 554-ல் கொல்லப்பட்டான். அந்தப் பகை நூறு வருடம் ஆகியும் ஆறவில்லை.

இனி நம்ம ஆள். உயிஜா 641-ல் பட்டத்துக்கு வந்தான். பெற்றோரிடமும் உடன்பிறந்தவர்களிடமும் அவன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, கன்பூசியஸின் சீடர் ஒருவர் பெயரைச் சேர்த்து, கடலுக்குக் கிழக்கே பிறந்த செங்சி என்று புகழ்ந்தார்கள். 642-ல் தானே படை நடத்திப் போய் சில்லாவின் 40-க்கும் மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்தான். 655-ல் பழைய எதிரி கொகுர்யோவோடு சேர்ந்து இன்னும் முப்பதுக்கு மேல். 660-ல் நாடே இல்லை. குடிகார ராஜா கதை இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறதா, சொல்லுங்கள்.

#2 செல்வி_திருப்பூர்

அண்ணே, அப்படியென்றால் அந்த மூவாயிரம் பெண்கள்? அந்தப்புரத்துப் பெண்கள் எல்லாரும் பாறை மேலிருந்து ஆற்றில் குதித்தார்கள் என்பார்களே. மூவாயிரம் பேரை வைத்திருந்தவன் நல்லவனாம்!

#3 ஓலைச்சுவடி

செல்வி, அந்த மூவாயிரம் என்பது கவிஞர்கள் போட்ட கணக்கு. பாறை இன்றும் புயோவில் இருக்கிறது, நாக்வாஅம் என்று பெயர், பூ உதிர்ந்த பாறை. 13-ஆம் நூற்றாண்டு நூலான சாம்குக் யூசா அதை விழுந்து செத்தவர்களின் பாறை என்றுதான் சொல்கிறது. மூவாயிரம் அங்கே இல்லை. ரொம்பப் பிற்காலத்து ஜோசன் வம்ச ஆட்சியில் எழுதிய பாட்டுகளில்தான் அந்த எண் ஏறிக்கொண்டது. அரசனே குதித்துச் செத்தான் என்று ஒரு கதை ஓடியதையும் அதே நூல் எடுத்துச் சொல்லி, அது தப்பு, அவன் செத்தது சீனாவில் என்று மறுக்கிறது. பெண்கள் சிலர் குதித்திருக்கலாம். தலைநகரம் விழும் இரவில் நடக்கக்கூடியதுதான்.

சாம்குக் சாகியையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது இந்த மூன்று நாடுகளின் வரலாறாக 1145-ல் முடிந்த நூல். தொகுத்த கிம் பூசிக் சில்லா வழி வந்த குடும்பத்தவர். 659, 660-ஆம் வருடப் பகுதியைத் திறந்தால் ஒரே அபசகுனம். அரண்மனைக்குள் நரிகள் புகுந்தன, வெள்ளை நரி ஒன்று அமைச்சரின் மேசை மேல் உட்கார்ந்தது, கிணற்றுத் தண்ணீர் ரத்தமானது, பல்லாயிரக்கணக்கில் தவளைகள் மரத்தில் ஏறின. ஒரு பேய் வந்து ‘பெக்ஜே அழிந்தது’ என்று கத்திவிட்டு மண்ணுக்குள் போனதாம். தோண்டினால் ஓர் ஆமை, முதுகில் எழுத்து: பெக்ஜே முழுநிலா, சில்லா வளர்பிறை. நிறைந்தது இனித் தேயும் என்று உள்ளதைச் சொன்ன பூசாரிக்கு மரணம். நிறைவு என்றால் செழிப்பு என்று மாற்றிச் சொன்னவன் பிழைத்துக்கொண்டான்.

விழுந்த பிறகு எழுதிய வரலாற்றில் சகுனங்களுக்குப் பஞ்சமே இருக்காது.

#4 தேஜோன்வாசி

புயோ எனக்குப் பக்கம்தான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். வைகை சார் சொல்லும் செழிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருள் போதும். தங்கமுலாம் பூசிய வெண்கலத் தூபக்கலம், 61.8 சென்டிமீட்டர் உயரம். அடியில் ஒரு டிராகன் ஒரு காலைத் தூக்கி, வாயில் தாமரைத் தண்டைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்தத் தண்டின் மேல் விரிந்த தாமரைதான் கிண்ணம். மூடி முழுக்க மலை மேல் மலை. மலைகளுக்கு இடையில் யானை, புலி, குதிரையேறி வேட்டையாடும் மனிதன், மீன் பிடிப்பவன். மேலே ஐந்து இசைக்கலைஞர்கள், ஆளுக்கொரு வாத்தியம். உச்சியில் ஃபீனிக்ஸ். புகை வரும் துளைகள் மலைகளுக்குப் பின்னாலும் அந்தப் பறவையின் மார்பிலும் இருக்கின்றன. தூபம் போட்டால் மலையில் மூடுபனி ஏறுகிற மாதிரி இருந்திருக்கும்.

இது கிடைத்தது 1993 டிசம்பரில், நுங்சான்ரி அரச கல்லறைகளுக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்துமிடம் கட்டுவதற்காகத் தோண்டிப் பார்த்த இடத்தில். கோயில் பட்டறை ஒன்றின் தண்ணீர்க் குழிக்குள், ஓட்டுச் சில்லுகளுக்கு அடியில் சேற்றில் கிடந்தது. 660-ல் எதிரி நெருங்கியபோது யாரோ அவசரமாக ஒளித்துவைத்ததாகத்தான் கருதுகிறார்கள். வைத்தவர் திரும்பி எடுக்க வரவேயில்லை.

இதே ஆட்களின் கைவேலைதான் ஜப்பானுக்கும் போனது. 588-ல் பெக்ஜேயிலிருந்து துறவிகள், கோயில் தச்சர்கள், ஓடு செய்பவர்கள், ஓவியர் எல்லாரும் போய்த்தான் அசுகா கோயில் எழும்பியது. உயிஜாவின் அப்பா மூ இக்சானில் கட்டிய மிருக்சா கோயிலின் கல் கோபுரம் பாதி இடிந்த நிலையில் நின்றது. பழுது பார்க்கப் பிரித்தபோது, 2009-ல் உள்ளே 639-ஆம் ஆண்டுத் தங்கத் தகடு ஒன்று கிடைத்தது. சாதெக் குடும்பத்துப் பெண்ணான ராணி தானம் செய்ததாக அதில் எழுதியிருக்கிறது. மூ அரசனும் சில்லா இளவரசி சொன்ஹ்வாவும் காதலித்துக் கட்டிய கோயில் என்று அதுவரை எல்லாரும் நம்பினார்கள். பாவம், அந்தக் காதல் கதைக்குப் பெரிய அடி.

ஒன்று சொல்ல வேண்டும். புயோவில் கிடைத்த மரச்சீட்டு ஒன்றில் 618-ஆம் வருடத்துத் தானியக் கடன் கணக்கு இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு திரும்பியது, பாக்கி எவ்வளவு என்று பெயர் பெயராக. வட்டி பாதிக்குப் பாதி. தங்கத் தகடும் இதே ஊர்க் காசில்தான்.

#5 நட்சத்திரன்

எல்லாம் சரி. ஆனால் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இவ்வளவு பலசாலி பத்து நாளில் எப்படிக் காலி?

#6 வைகைக்கரையான்

வருகிறேன். 642-ல் உயிஜாவின் படை தேயா கோட்டையைப் பிடித்தபோது கோட்டைத் தலைவன் கிம் பும்சொக்கும் அவன் மனைவியும் இறந்தார்கள். அந்த மனைவி, சில்லாவின் முக்கியப் பிரபு கிம் சுன்சூவின் மகள். செய்தி வந்த நாளில் சுன்சூ ஒரு தூணில் சாய்ந்து நாள் முழுக்க நின்றான், எதிரே ஆள் நடந்தால்கூடக் கண் சிமிட்டவில்லை என்று எழுதியிருக்கிறது. அப்புறம் ‘ஆண்பிள்ளையாகப் பிறந்து ஒரு பெக்ஜேயை விழுங்க முடியாதா’ என்று கிளம்பினான். முதலில் கொகுர்யோவிடம் போய் உதவி கேட்டான், கிடைக்கவில்லை. 648-ல் சீனாவின் தாங் பேரரசரிடம் போனான். 654-ல் அவனே சில்லாவின் அரசனானான்.

அந்தப் பக்கம் தாங் பேரரசுக்கு வேறொரு தலைவலி. 645-ல் பேரரசர் தைசோங் நேரில் படையெடுத்தும் கொகுர்யோவின் ஆன்சி கோட்டையைப் பிடிக்க முடியாமல் குளிருக்குப் பயந்து திரும்பினார். வடக்கிலிருந்து மட்டும் அடித்தால் கொகுர்யோ விழாது, தெற்கிலும் ஒரு முனை வேண்டும். அந்தத் தெற்கு முனைக்கு நடுவில் நின்றது பெக்ஜே. 651-ல் அடுத்த பேரரசர் உயிஜாவுக்குக் கடிதம் எழுதினார்: சில்லாவிடம் பிடித்த கோட்டைகளைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் நடப்பது வேறு. 652-க்குப் பிறகு உயிஜா தூது அனுப்புவதையே நிறுத்திவிட்டான். அங்கே தப்புக்கணக்கு போட்டான் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் குடிபோதையில் போட்ட கணக்கு இல்லை அது. அதுவரை கடல் தாண்டி வந்து பெக்ஜேயை யாரும் வீழ்த்தியதில்லை.

தாங் எவ்வளவு ரகசியமாகச் செய்தது என்பதற்கு ஒரு சாட்சி. 659-ல் சீனாவுக்குப் போயிருந்த ஜப்பானியத் தூதர்களிடம், அடுத்த வருடம் கடலுக்குக் கிழக்கே எங்களுக்கு வேலை இருக்கிறது, நீங்கள் ஊருக்குப் போக முடியாது என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய குறிப்பு ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியில் இருக்கிறது. பெக்ஜே விழுந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். கைதியாகக் கொண்டுவரப்பட்ட உயிஜாவை லுவோயாங்கில் அந்தத் தூதர்களே கண்ணால் பார்த்தார்கள்.

#7 மாலுமி_ராஜன்

கப்பல்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். நான் இஞ்சோன், குன்சான் துறைமுகங்களுக்குப் போயிருக்கிறேன். கொரியாவின் மேற்குக் கடற்கரையில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. இந்தச் சேறுதான் பெக்ஜேயின் கோட்டைச் சுவர். 660-ல் தாங் தளபதி சூ திங்பாங் ஷான்தோங்கிலிருந்து கடல் தாண்டி வந்து கும் ஆற்று முகத்துவாரத்தில் இறங்கினார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் என்கிறது சாம்குக் சாகி, அந்த எண்ணை நான் அப்படியே எடுக்க மாட்டேன். கரையெல்லாம் சேறு, கால் புதைகிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? வில்லோ மரக் கிளைகளில் பின்னிய பாய்களை விரித்து அதன் மேல் படையை இறக்கினார்கள். அப்புறம் ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கப்பல்களை ஆற்றுக்குள் விட்டார்கள். தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்த் தலைநகர்ப் பக்கம் சேர்த்துவிட்டது.

சாபியை ஆற்றங்கரையில் கட்டியது வியாபாரத்துக்கும் ஜப்பானோடு போக்குவரத்துக்கும் அருமையான முடிவு. அந்த ஆறேதான் எதிரிக்கும் வழி. தலைநகர் நல்ல துறைமுகமாக இருந்தால் கடற்படை இல்லாமல் தூங்க முடியாது.

#8 ஓலைச்சுவடி

ராஜன் சொல்வது சரி. ஆனால் அந்த இரண்டு வழிகளும் அரண்மனைக்குத் தெரியாமல் இல்லை, அதுதான் வைகைக்கு என் மறுப்பு. 656-ல் சோங்சுங் என்ற அமைச்சர் அரசனின் கேளிக்கையைக் கண்டித்து, சிறையில் போடப்பட்டு, பட்டினியாகச் செத்தார். சாகும்முன் எழுதியது: போர் வரும், நிலவழியில் கணவாயைத் தாண்ட விடாதே, நீர்வழியில் முகத்துவாரத்துக்குள் நுழைய விடாதே. 660-ல் எதிரி கிளம்பிய பிறகு, நாடு கடத்தப்பட்டிருந்த இன்னொரு அமைச்சர் ஹுங்சூவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவரும் வரிக்கு வரி அதையேதான் சொன்னார். சபையில் இருந்தவர்கள் சொன்னது: இவன் தண்டனை அனுபவிப்பவன், நம்மேல் கோபம் இருக்கும், நம்ப வேண்டாம். கப்பல்கள் வரிசையாக ஆற்றுக்குள் வரட்டும், சில்லாவும் கணவாய்க்குள் வரட்டும், அப்புறம் அடிப்போம். பேசி முடிப்பதற்குள் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

657-ல் உயிஜா தன் பிள்ளைகள் 41 பேருக்கு ஒரே நாளில் மிக உயர்ந்த பதவியும் நிலமும் கொடுத்தான். பழைய பிரபுக் குடும்பங்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். தேஜோன்வாசி சொன்ன அதே சாதெக் குடும்பத்தைச் சேர்ந்த சாதெக் ஜிஜொக் என்ற பெரியவர் 654-ல் வைத்த கல் ஒன்று புயோவில் கிடைத்திருக்கிறது. நாட்கள் இவ்வளவு சுலபமாகப் போய்விடுகின்றனவே, மாதங்கள் திரும்பி வரமாட்டேன் என்கின்றனவே என்று வருந்தி, ஊருக்குத் திரும்பிக் கோயில் கட்டியதாகச் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட பிரபுவின் புலம்பல் என்றுதான் நான் படிக்கிறேன்.

#9 வைகைக்கரையான்

முதுமையின் புலம்பல் என்று படித்தாலும் பொருந்தும். 41 பிள்ளைகள் விஷயத்தைப் பிரபுக்களை அடக்கி அரசனின் கையை ஓங்கச் செய்த வேலையாகவும் பார்க்கலாம் இல்லையா? ஜெயித்திருந்தால் அதையே வலிமையான ஆட்சி என்று எழுதியிருப்பார்கள்.

#10 ஓலைச்சுவடி

ஜெயிக்கவில்லையே. ஒதுக்கப்பட்டவர்கள் ஆபத்தில் கைகொடுக்கவும் இல்லை. உயிஜா தலைநகரை விட்டு இரவோடு இரவாகப் பழைய உங்ஜின் கோட்டைக்கு ஓடினான். அங்கே கோட்டை விழவில்லை, சண்டையே நடக்கவில்லை. ஆனாலும் ஐந்தே நாளில் அவன் சரணடைந்தான். பழைய தாங் நூலில் ஒரு வரி இருக்கிறது: அவனுடைய தளபதி யே சிக், உயிஜாவைக் கூட்டிக்கொண்டு வந்து பணிந்தான். இந்த யே குடும்பத்தார் பின்னாளில் தாங் பேரரசில் பெரிய பதவிகளில் இருந்ததைச் சீனாவில் கிடைத்த அவர்களின் கல்லறைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

#11 செல்வி_திருப்பூர்

இதில் பெக்ஜே தளபதி கியேபெக் எங்கே? தொடரில் அவரை வைத்துத்தானே எல்லாரையும் அழவைத்தார்கள். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. போருக்குப் போகும்முன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தானே கொன்றுவிட்டுப் போவதெல்லாம் வீரமா?

#12 வைகைக்கரையான்

எதிரிக்கு அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று சொல்லிக் கொன்றார் என்றுதான் இருக்கிறது. ஜோசன் காலத்துப் பண்டிதர்களிலேயே இதைக் கொடூரம் என்று கண்டித்தவர்கள் உண்டு, நீங்கள் தனியாக இல்லை.

போர் நடந்தது ஹ்வாங்சான் சமவெளியில், சந்திர நாட்காட்டிப்படி ஏழாம் மாதம் 9-ஆம் தேதி. கியேபெக்கிடம் 5,000 பேர், சில்லா தளபதி கிம் யூசினிடம் 50,000. நான்கு முறை மோதினார்கள், நான்கிலும் கியேபெக் ஜெயித்தார். சில்லாக்காரர்கள் ரோஷத்தைக் கிளப்ப ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தளபதிகளின் சின்னப் பையன்களைத் தனியாக எதிரிப் படைக்குள் அனுப்புவது. 16 வயது க்வான்சாங் பிடிபட்டான். தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைப் பார்த்த கியேபெக்குக்குக் கொல்ல மனம் வரவில்லை, திருப்பி அனுப்பினார். பையன் கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு மறுபடியும் பாய்ந்தான். இந்த முறை தலையை வெட்டிக் குதிரைச் சேணத்தில் கட்டி அனுப்பினார்கள். ஐந்தாவது மோதலில் பெக்ஜே படை அழிந்தது. தன் பிள்ளைகளைக் கொன்றவர் எதிரியின் பிள்ளையை விட்டுவிட்டார். எனக்கு அந்த இடம்தான் நெஞ்சில் குத்துகிறது.

இந்தத் தாமதத்தால் கிம் யூசின், தாங் படையோடு சேர வேண்டிய நாளைத் தவறவிட்டார். சூ திங்பாங் கோபத்தில் சில்லா அதிகாரி ஒருவரின் தலையை வெட்டப் போனார். யூசின் கோடரியைப் பிடித்துக்கொண்டு, முதலில் உங்களோடு சண்டை, பெக்ஜே அப்புறம் என்று நின்றார். கூட்டணியின் லட்சணம் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

13-ஆம் தேதி இரவு அரசன் ஓட்டம். 18-ஆம் தேதி சரண். எட்டாம் மாதம் வெற்றி விருந்தில் சூ திங்பாங்கும் கிம் சுன்சூவும் மேலே உட்கார்ந்திருக்க, உயிஜா கீழே நின்று மது ஊற்ற வேண்டியிருந்தது. பெக்ஜே பிரபுக்கள் விம்மி அழுதார்கள். அதற்கு முன்பே, 13-ஆம் தேதி உயிஜாவின் மகன் யூங் சரணடைந்தபோது, சுன்சூவின் மகன் பொப்மின் அவனை மண்டியிட வைத்து முகத்தில் துப்பி, உன் அப்பன் என் தங்கையைக் கொன்றான், இருபது வருடமாக என் நெஞ்சு வலித்தது என்றான். அந்தத் தேயா கோட்டைப் பெண்தான்.

அரசன், இளவரசர்கள், 88 அதிகாரிகள், 12,807 மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். உயிஜா அதே வருடம் செத்தான். லுவோயாங் பக்கத்தில் மாங் மலையில், சீனாவில் நாட்டை இழந்த கடைசி அரசர்களான சுன் ஹாவ், சென் ஷூபாவ் கல்லறைகளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். இடம் தேர்ந்தெடுத்தவனுக்கு நக்கல் ஜாஸ்தி.

#13 தேஜோன்வாசி

புயோ நடுவில் ஜொங்னிம்சா கோயிலின் ஐந்தடுக்குக் கல் கோபுரம் இருக்கிறது, 8.33 மீட்டர். கோயில் போய்விட்டது, கோபுரம் மட்டும் நிற்கிறது. முதல் அடுக்கின் நாலு பக்கமும் சீன எழுத்து. சூ திங்பாங் தன் வெற்றியை அங்கேயே வெட்ட வைத்துவிட்டார். நேர்மையான அமைச்சரை வெளியே தள்ளினான், மாயக்காரியை உள்ளே நம்பினான் என்று உயிஜா மேல் குற்றப்பத்திரிகையும் அதில் இருக்கிறது. ரொம்ப காலம் அந்தக் கோபுரத்தையே சீனத் தளபதி கட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

#14 வைகைக்கரையான்

பார்த்தீர்களா? கெட்ட ராஜா கதையின் முதல் பிரதி, அவனைப் பிடித்தவன் அவன் ஊர்க் கோபுரத்தில் வெட்டியது. தோற்ற வருடமே.

#15 ஓலைச்சுவடி

எதிரி சொன்னதால் மட்டும் பொய்யாகிவிடாது. மாயக்காரி விஷயத்தை ஜப்பான் நூலும் சொல்கிறது, அது பெக்ஜேயின் நண்பன்.

#16 மாலுமி_ராஜன்

660-ஓடு முடிக்கிறீர்களே, அதற்குப் பிறகுதான் கடல் விஷயம். தாங் பிடித்தது தலைநகரை மட்டும். உள்ளூர்க் கோட்டைகள் அப்படியே இருந்தன. ஹுக்சி சாங்ஜி என்ற தளபதி இம்ஜோன் கோட்டையில் நின்றதும் பத்து நாளில் 30,000 பேர் கூடினார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள் திரும்பக் கைக்கு வந்தன. அரச குடும்பத்து பொக்சினும் தோச்சிம் என்ற துறவியும் இன்னொரு பக்கம். ஜப்பானில் இருந்த இளவரசர் பூயோ புங்கை வரவழைத்து அரசனாக்கினார்கள். உதவிக்குப் படை திரட்டிக்கொண்டு கியூஷூ வரை வந்த பேரரசி சைமெய் 661-ல் அங்கேயே இறந்துபோனார். மகன் வேலையைத் தொடர்ந்தார்.

663 எட்டாம் மாதம், பெக்காங் ஆற்று முகத்துவாரம். தாங் பக்கம் 170 கப்பல், அணிவகுத்து அசையாமல் நின்றது. ஜப்பானியத் தளபதிகள் காற்றையும் பார்க்கவில்லை ஒன்றையும் பார்க்கவில்லை. நாம் முந்திக்கொண்டு பாய்ந்தால் அவர்கள் தானாகப் பின்வாங்குவார்கள் என்று உள்ளே புகுந்தார்கள். தாங் கப்பல்கள் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டன. முகப்பைத் திருப்பக்கூட இடமில்லாமல் போய்விட்டது என்று ஜப்பானியர்களே எழுதியிருக்கிறார்கள். நானூறு கப்பல் எரிந்தது. தாங் கப்பற்படையில் இருந்தவர் யார் தெரியுமா? முகத்தில் துப்பு வாங்கிய அதே யூங். ஜப்பான் நூலின்படி புங்கும் உயிஜாவின் மகன். ஆக, அண்ணன் தம்பி எதிரெதிரே.

#17 ஓலைச்சுவடி

அந்தப் போருக்கு முன்பே கதை முடிந்துவிட்டது ராஜன். பொக்சின் தோச்சிமைக் கொன்றான். பொக்சினை புங் கொன்றான். நன்றாகப் போர் செய்யத் தெரிந்த இரண்டு பேரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் தாங்கும் சில்லாவும் வந்தன. சாபி பத்து நாளில் விழுந்ததற்கு எதிரியைக் குறை சொல்லலாம், இந்த மூன்று வருடத்துக்கு யாரைச் சொல்வது?

ஹுக்சி சாங்ஜி கடைசியில் தாங் பக்கம் சேர்ந்து, தான் காத்த இம்ஜோன் கோட்டையைத் தானே தாக்கிப் பிடித்தார். பிறகு திபெத்தியர், துருக்கியரோடு தாங் கொடியின் கீழ் சண்டையிட்டுப் பெரிய பேர் வாங்கினார். 689-ல் பொய்க் குற்றச்சாட்டில் சிறையில் செத்தார். கொரியர்களுக்கு இன்றுவரை அவரை வீரன் என்பதா துரோகி என்பதா என்று குழப்பம்தான்.

#18 நட்சத்திரன்

வைகை அண்ணன் கட்சி தோற்றுவிட்டதா?

#19 வைகைக்கரையான்

எங்கே தோற்றது? பத்து நாளில் இருநூறு கோட்டை திரும்ப எழுகிறதென்றால் அந்த நாடு உளுத்துப்போன நாடா? தலைமை சரியில்லை என்று ஓலைச்சுவடி சொல்வதில் பாதியை வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு அடுத்த வாரம் தனி இழை போடுகிறேன், கொகுர்யோ விழுந்த 668-ஐயும் சேர்த்து.

#20 செல்வி_திருப்பூர்

சாதாரண ஜனங்கள் என்ன ஆனார்கள்? அதை யாரும் சொல்லவில்லை.

#21 தேஜோன்வாசி

பெரும்பாலானவர்கள் அங்கேயே இருந்து சில்லாவின் குடிகள் ஆனார்கள். கல்வெட்டிலும் நூலிலும் அவர்கள் பெயர் வராது, அந்தக் கடன் சீட்டில் வந்ததோடு சரி. 663-ல் புங் பக்கத்தின் தளமான ஜூர்யூ கோட்டை விழுந்த நாளில் மக்கள் பேசிக்கொண்டதை நிஹோன் ஷோகி குறித்து வைத்திருக்கிறது: ‘பெக்ஜே என்ற பெயர் இன்றோடு அற்றது. முன்னோர் கல்லறை இருக்கும் இடத்துக்கு இனி எப்படிப் போவோம்?’ அப்படிச் சொன்னவர்கள் கப்பலேறி ஜப்பானுக்குப் போனார்கள். தாங் அடுத்து இங்கேதான் வரும் என்று பயந்து ஜப்பான் 664, 665-ல் கியூஷூவில் மண் அரணும் மலைக்கோட்டைகளும் கட்டியது. கோட்டைகளைக் கட்ட வழிகாட்டியவர்கள் இந்தப் பெக்ஜே அகதிப் பிரபுக்கள். உயிஜாவின் வம்சத்தில் வந்த ஒருவர் 749-ல் வடஜப்பானில் ஆளுநராக இருந்தபோது தங்கம் கிடைத்து, தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கு முலாம் பூச அனுப்பி வைத்தார்.

ஊர் பார்க்க வருவதாக இருந்தால் கோங்ஜு, புயோ, இக்சான் என்ற வரிசையில் போங்கள் செல்வி. 2015-ல் மூன்று ஊரிலும் சேர்த்து எட்டு இடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் புழுக்கமும் தாங்காது. கியேபெக் சண்டை போட்டதும் ஆகஸ்டில்தான், கவசத்தோடு.